ஷாம்பு கட்டி எப்படி இயங்குகிறது?

ஷாம்பு பாட்டிலில் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும், உள்ளே முக்கால் பங்கோ அதற்கு மேலோ தண்ணீர்தான். நம் வீட்டுக் குழாயில் வருவதையே பிளாஸ்டிக்கில் அடைத்து, லாரியில் ஏற்றி, காசு கொடுத்து வாங்குகிறோம். அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் விற்கலாமே என்று இங்கிலாந்தில் மோ கான்ஸ்டன்டைனும் வேதியியலாளர் ஸ்டான் கிரிஸ்டலும் 1987-இல் ஷாம்புவைக் கட்டியாகச் செய்தார்கள். பின்னாளில் லஷ் கடைகள் அதைப் பரப்பின. நியூசிலாந்தில் பிரியான் வெஸ்ட் 2012-இல் தன் சமையலறையிலிருந்தே ஷாம்பு கட்டி விற்கும் எத்தீக் நிறுவனத்தைத் தொடங்கினார்.

சமையலறையில் தொடங்கியதில் வியப்பில்லை. இது ஏறக்குறைய மாவு லாடு பிடிக்கிற வேலைதான்.

பாட்டில் ஷாம்புவை அடுப்பில் வைத்து வற்றவிட்டால் கட்டி கிடைக்காது, பிசுக்குதான் மிஞ்சும். அதில் நுரை தரும் சோடியம் லாரெத் சல்பேட்டின் சுபாவம் அப்படி. எனவே முதலில் வேறு மாவு வேண்டும். பெரும்பாலோர் எடுப்பது சோடியம் கோகோயில் ஐசெதியோனேட். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து வரும் வெள்ளைத் தூள். டவ் கட்டியில் இருப்பதும் இதுதான். தலைமுடிக்கு மென்மையானது, மூக்குக்கு அல்ல. முகக்கவசம் இல்லாமல் கொட்டினால் தும்மித் தீர்க்க வேண்டியதுதான்.

பாசிப்பயற்று மாவை வெறுமனே அழுத்தினால் உருண்டை நிற்குமா? சூடான நெய் துகள்களுக்கு நடுவே ஓடி, ஆறும்போது உறைந்து பிடித்துக்கொள்கிறது. இங்கே நெய்யின் வேலையைச் செட்டில் ஆல்கஹாலும் ஸ்டீரிக் அமிலமும் பார்க்கின்றன. உருக்கி ஊற்றிப் பிசைந்து, கை பொறுக்கும் சூட்டில் அச்சில் அழுத்த வேண்டும். ஆறவிட்டால் உதிரும். நெய் கூடினால் நுரை செத்து, முடியில் எண்ணெய் வழியும்; குறைந்தால் நாலு குளியலில் விரிசல் விடும்.

எந்த நெய் என்பதில்தான் ஊர் குறுக்கிடுகிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலும் கோகோ பட்டர் 34 டிகிரியை ஒட்டியும் உருகிவிடும். வேலூர்ச் சித்திரை வெயிலில் அவற்றை மட்டும் நம்ப முடியாது. செட்டில் ஆல்கஹால் 49 டிகிரி வரை தாங்கும், ஸ்டீரிக் அமிலம் 69 வரை.

ஈர முடியில் தேய்க்கும்போது மாவு கரைகிறது. கரையாத கொழுப்பை நுரை தன்னோடு அணைத்துக் கழுவிக்கொண்டு போகிறது. கட்டிக்குள் தண்ணீர் இல்லாததால் கிருமி வளர வழியில்லை; கெடாமல் காக்கும் மருந்து கொஞ்சம் போதும், சிலர் சேர்ப்பதே இல்லை. ஆனால் தண்ணீர் தேங்கிய சோப்புப் பெட்டியில் போட்டால் இரண்டே நாளில் கொழகொழத்துவிடும். ஓட்டை போட்ட பெட்டி கட்டாயம்.

வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஷாம்பு கட்டி என்ற பெயரில் விற்கும் பலவும் சாதாரண சோப்புதான். சோப்பின் அமில-கார அளவு (pH) 9, 10 என்று காரப் பக்கம் இருக்கும். முடியின் மேல்செதில்கள் அதில் தூக்கிக்கொள்ளும். போர்வெல் உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பும் சேர்ந்து முடியில் வெள்ளையாய்ப் படியும். நல்ல ஷாம்பு கட்டியின் pH 5, 6-க்குள் நிற்கும். உறையின் பின்பக்கம் ‘சோடியம் பாமேட்’ என்று தொடங்கினால் அது சோப்பு.

பிளாஸ்டிக் குறைகிறது, சரக்கு எடை குறைகிறது, இரண்டும் உண்மை. கொழுப்புகள் பாமாயிலிலிருந்து வந்தால் காட்டழிப்புக் கேள்வி அப்படியே நிற்கிறது. நம் ஊரில் இதற்குப் போட்டி பாட்டில்கூட அல்ல, கடலூர் சின்னி கிருஷ்ணன் பழக்கிவிட்ட சாஷே. அந்தக் குட்டி உறையை மறுசுழற்சி செய்வது பெரும்பாடு, ஆனால் சில்லறைக்குக் கிடைக்கிறது. ஷாம்பு கட்டி மாதக்கணக்கில் வந்தாலும் நூற்றுக்கணக்கில் முன்பணம் கேட்கிறது. அதையும் ஒருவேளைக் குளியலுக்கான வில்லையாக அச்சடித்து, காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்கடையில் தொங்கவிட்டால்தான் சாஷேயோடு மோத முடியும்.