வரைகலை படிக்கலாமா? கல்லூரியில் பணம் கட்டும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை

எஸ்பிஎம் தேர்வு எழுதி முடித்த பிள்ளை, “நான் கிராஃபிக் டிசைன் படிக்கப் போகிறேன்” என்று சொன்னால் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். “படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?” என்பது ஒன்று. “சின்ன வயதிலிருந்தே அழகாக வரைவாள், அதையே படிக்கட்டும்” என்பது மற்றொன்று. முதலாவது பிள்ளையின் ஆசையை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. இரண்டாவது, வரையத் தெரிந்தால் போதும் என்ற நம்பிக்கையில் பெரிய தொகையைச் செலவழிக்க வைக்கிறது. அந்தப் படிப்பு எதைப் பற்றியது என்று விசாரிக்காமல் சொல்லப்படும் பதில்கள்தாம் இரண்டும்.

தனியார் கல்லூரியில் ஒரு டிப்ளோமாவை முடிக்கப் பல்லாயிரம் வெள்ளி ஆகும். தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் பெற்றோருக்கு அது பல ஆண்டுச் சேமிப்பு. பிள்ளையின் படிப்புக்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழி இருப்பது உண்மைதான். ஆனால் அது முதுமைக்கு வைத்த பணம். ஓராண்டு கழித்து, “அப்பா, இது நான் நினைத்த மாதிரி இல்லை” என்று பிள்ளை வந்து நின்றால் அந்தப் பணம் திரும்பி வராது. எனவே, கையெழுத்துப் போடும் முன் சில வாரங்கள் ஒதுக்கிச் சோதித்துப் பார்ப்பது நல்லது. எஸ்பிஎம் முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்கள் அதற்குப் பொருத்தமானவை.

இந்த வேலை எப்படி இருக்கும்?

வரைகலை வடிவமைப்பு என்பது ஓவியம் அல்ல. ஓவியர் தம் மனத்தில் தோன்றியதை வரைகிறார். வடிவமைப்பாளரோ பிறர் சொல்ல வேண்டிய செய்தியை, பார்ப்பவருக்குச் சட்டென்று புரியும்படி ஒழுங்கு செய்கிறார்.

ஓர் உணவகத் திறப்பு விழாப் பதாகையை எடுத்துக்கொள்வோம். கடையின் பெயர், தேதி, முகவரி, தொலைபேசி எண், பத்து வகை உணவின் படம், முதலாளியின் படம், சாமி படம் எல்லாமே அதில் வர வேண்டும் என்று முதலாளி கேட்பார். மோட்டார் சைக்கிளில் போகிறவர் அதைப் பார்ப்பது சில விநாடிகள்தான். அதற்குள் அவர் கண்ணில் எது பட வேண்டும், எது சிறிதாக இருந்தால் போதும், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்வதும், அதை முதலாளியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைப்பதும் வடிவமைப்பாளரின் வேலை.

அடுத்தது அச்சு வேலை. கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறங்களைக் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ நீலப்பச்சை, செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைக் கொண்டு அச்சிடுகிறது. அதனால்தான் திரையில் பளிச்சென்று தெரிந்த பச்சை, திருமண அழைப்பிதழில் மங்கிப்போய் வருகிறது. தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமல் இருக்கச் சுற்றிலும் சுமார் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். புலனத்தில் வந்த சின்னத்தை அப்படியே பத்தடிப் பதாகையில் போட்டால் கலங்கிப் போகும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆயிரம் அழைப்பிதழ்களும் வீண். அந்த இழப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வடிவமைப்பாளர்.

இதே துறையில் பொருள்களின் உறை, புத்தக அட்டை, சமூக ஊடக விளம்பரம், கைப்பேசிச் செயலியின் திரை அமைப்பு என்று பல பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவானாலும் பிறர் சொல்லும் திருத்தங்களைச் செய்துகொண்டே இருப்பதுதான் அன்றாட வேலை.

வீட்டிலேயே ஒரு சோதனை

இதற்குப் பெரிய செலவு இல்லை. சாதாரண மடிக்கணினி போதும். இன்க்ஸ்கேப், கிம்ப், கிரிட்டா ஆகிய மூன்று மென்பொருள்களும் இலவசம். கற்றுத்தரும் காணொலிகள் யூடியூப்பில் நிறைய உள்ளன. பன்னிரண்டு வாரங்களுக்குக் கீழ்க்காணும் நான்கு வேலைகளையும் பிள்ளை செய்து பார்க்கட்டும்.

முதல் மூன்று வாரம்: உங்கள் வட்டாரத்தில் உள்ள கடைப் பதாகை ஒன்றைப் படம் எடுத்து, அதில் படிக்கச் சிரமமானவை எவை என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே செய்தியைப் புதிதாக வடிவமைக்கட்டும். அதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று வீட்டில் உள்ளவர்கள் படித்துப் பாருங்கள்.

நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை: ஒரே செய்தியை மூன்று அளவில் செய்ய வேண்டும். நெடுக்காகத் தொங்கவிடும் பந்திங், கையில் கொடுக்கும் சிறிய தாள், கைப்பேசியில் பார்க்கும் சதுரப் படம். வடிவம் மாறும்போது எதைக் குறைப்பது, எதைப் பெரிதாக்குவது என்பது இதில் பிடிபடும்.

ஏழாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரை: தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழியிலும் ஓர் அறிவிப்பு. தமிழில் சொற்கள் நீளும். மேலே புள்ளியும் சுழியும், கீழே வளைவுகளும் வரும். ஆங்கில எழுத்துக்கு விட்ட வரி இடைவெளி தமிழுக்குப் போதாது.

கடைசி மூன்று வாரம்: இதுதான் முக்கியம். உறவினர் கடைக்கோ கோயில் திருவிழாவுக்கோ உண்மையாகவே ஒரு வேலையைச் செய்து கொடுக்கட்டும். அவர்கள் கண்டிப்பாகத் திருத்தம் சொல்வார்கள். “சிவப்பை இன்னும் கூட்டு”, “என் படத்தைப் பெரிதாகப் போடு”, “நேற்றுக் காட்டியதே நன்றாக இருந்தது” என்பார்கள். ஐந்தாவது திருத்தத்தின்போது பிள்ளை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். கணினியை மூடிவிட்டு எழுந்து போகிறதா? முணுமுணுத்தாலும் உட்கார்ந்து, “மாமா, படம் பெரிதானால் தொலைபேசி எண் தெரியாது, இப்படி வைக்கலாமா?” என்று கேட்கிறதா? இரண்டாவது வகைப் பிள்ளைக்கு இந்தத் துறை ஒத்துவரும். எவ்வளவு அழகாக வரைந்தாலும் முதல் வகைப் பிள்ளைக்கு இந்த வேலை தினமும் மனவேதனையாகிவிடும். அதில் பிள்ளையின் குறை எதுவும் இல்லை; அந்தக் கை வேறு கலைக்கு உரியது.

இந்தச் சோதனையில் இன்னொரு பயனும் உண்டு. வடிவமைப்புப் படிப்புக்குப் பல கல்லூரிகள் நேர்முகத் தேர்வு வைக்கின்றன அல்லது மாணவர் செய்த வேலைகளின் தொகுப்பைக் கேட்கின்றன. பன்னிரண்டு வார வேலைகளையும், பென்சிலில் போட்ட முதல் கோடுகளோடு சேர்த்து ஒரு கோப்பில் வைத்தால் அந்தத் தொகுப்பு தயார்.

எந்த வழியில் படிப்பது?

தனியார் கல்லூரியின் விளம்பரம்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் வழி அது ஒன்று மட்டுமல்ல.

அரசாங்கப் பாலிடெக்னிக்குகளில் கட்டணம் மிகக் குறைவு. ஜொகூர் பாசிர் கூடாங்கில் உள்ள இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக் வடிவமைப்புப் படிப்புகளுக்குப் பெயர் பெற்றது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலைத்துறைப் பள்ளி இயங்குகிறது. சரவாக் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக் கலைக்கெனத் தனிப் புலம் இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் கலைப் படிப்புகள் உண்டு. இவற்றுக்கு யுபியு வழியாக இயங்கலையில் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் தவறினால் ஓராண்டு போய்விடும். படிவம் ஆறு சென்று எஸ்டிபிஎம் எழுதிவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போவதும் செலவு குறைந்த வழிதான்.

தேர்ச்சி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கும் கதவு மூடிவிடவில்லை. சமூகக் கல்லூரிகள், தொழில்திறன் பயிற்சிக் கழகங்கள் ஆகியவற்றின் வழி மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். மூன்றாம் நிலை வரை சான்றிதழ், நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர்நிலை டிப்ளோமா என்று படிப்படியாக மேலே போகலாம். இதற்குப் பிடிபிகே எனப்படும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனுதவி இருக்கிறது.

தனியார் கல்லூரிதான் என்று முடிவு செய்தால், எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டை இயங்கலையில் திறந்து பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் அந்தப் படிப்பின் பெயர், அந்த வளாகத்துக்கு உரியதாக அதில் இருக்க வேண்டும். அங்கீகாரம் முழுமையானதா, தற்காலிகமானதா என்பதையும் கேளுங்கள். டிப்ளோமாவுக்குப் பொதுவாக எஸ்பிஎம்மில் குறைந்தது மூன்று பாடங்களில் கிரெடிட் தேவை. சில இடங்களில் நிறக்குருடு இல்லை என்பதும் நிபந்தனை. அதைச் சேரும் முன்பே சோதித்துக்கொள்வது நல்லது.

கல்விக் கண்காட்சிக்குப் போனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கட்டணத்தில் மென்பொருள், அச்சுச் செலவு, பொருள் செலவு எல்லாம் அடங்குமா? கடைசி ஆண்டு மாணவர்கள் செய்த வேலைகளை நேரில் பார்க்கலாமா? தொழிற்பயிற்சிக்கு மாணவர்கள் எந்த நிறுவனங்களுக்குப் போகிறார்கள்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்லாமல், “இன்றே பதிந்தால் கழிவு” என்று மட்டும் சொல்லும் இடத்தில் அவசரப்படாதீர்கள்.

கடனும் முதல் சம்பளமும்

பிடிபிடிஎன் எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பிள்ளை 30,000 வெள்ளி கடன் வாங்குவதாகவும் பத்து ஆண்டில் அடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் என்றால் பத்து ஆண்டுக்கு 3,000 வெள்ளி. மொத்தம் 33,000 வெள்ளி. மாதம் 275 வெள்ளி கட்ட வேண்டும்.

முதல் வேலையில் பிள்ளைக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்பது நிறுவனத்தையும் ஊரையும் பொறுத்தது. மோசமான நிலையை வைத்தே கணக்குப் போடுவது பாதுகாப்பு. 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போய்விடும். சொக்சோ சந்தாவும் போக, கையில் வருவது ஏறக்குறைய 1,500 வெள்ளி. கோலாலம்பூரில் அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அதற்குள் அடங்கி, 275 வெள்ளியும் மிஞ்ச வேண்டும். கடன் 60,000 ஆனால் அந்தத் தவணை 550 வெள்ளி. பாலிடெக்னிக்கில் படித்து, கடன் சில ஆயிரத்தோடு நின்றால் முதல் சம்பளத்தில் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்ப முடியும். ஒரே வேலைக்குப் போகும் இரு பிள்ளைகளின் முதல் பத்து ஆண்டு வாழ்க்கை இதனால் வேறு வேறாகிவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. கேன்வா 2013இல் வந்தபோதே சிறிய கடைக்காரர்கள் தாங்களே விளம்பரம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இப்போது ஒரு வாக்கியம் எழுதினால் படம் வந்துவிடுகிறது. வார்ப்புருவில் பெயரை மாற்றிக் கொடுக்கும் அளவுக்கு மட்டும் தெரிந்தவருக்கு இனி வேலை குறையும். கல்லூரியில் மென்பொருளை மட்டும் கற்றுக்கொடுத்தால், அந்தப் பாடத்தைக் காணொலியிலேயே கற்றுவிடலாம்.

ஆனால் வாடிக்கையாளரிடம் பேசி அவருக்கு என்ன தேவை என்று கண்டறிவதும், அச்சுக்குப் பிழையில்லாமல் தயாரித்துக் கொடுப்பதும் இன்னும் மனிதரிடமே இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பலம் தமிழ். மென்பொருளில் சரியான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் ‘கோயில்’ என்ற சொல்லில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் போய் உட்காரும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் கண்ணுக்கு அது பிழையாகத் தெரியாது. அப்படியே அச்சாகி, நாம் தலையில் அடித்துக்கொண்ட பதாகைகள் எத்தனை! இயந்திரம் உருவாக்கும் படங்களிலும் தமிழ் எழுத்துகள் சிதைந்து வருவதைப் பல நேரங்களில் பார்க்கிறோம்.

நம் மலேசியர் முத்து நெடுமாறன் 1980களிலிருந்தே கணினித் தமிழுக்கு உழைத்து வருகிறார். அவர் உருவாக்கிய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளோடு வருகிறது. தமிழ் எழுத்தின் வடிவத்தை அறிந்தவருக்கு உலக அளவில் இடம் இருக்கிறது என்பதற்கு இது சான்று. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை மும்மொழியிலும் எழுத்துப் பிழை இல்லாமல் வடிவமைக்கக் கற்றுக்கொண்டால், அது மற்றவர்களிடம் எளிதில் கிடைக்காத திறமை. அதை வைத்து மட்டுமே பெரிய சம்பளம் வந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும், ஒரே வேலைக்குப் பலர் வரிசையில் நிற்கும்போது அது கைகொடுக்கும்.

முடிவு எடுக்கும் நாளில்

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். திருத்தங்களைத் தாங்கிக்கொண்டது, வேலையும் வாரத்துக்கு வாரம் முன்னேறியது என்றால் அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் கடன் குறைந்ததைத் தேர்வு செய்யுங்கள். ஆர்வம் இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் திறன் சான்றிதழில் தொடங்கலாம். அல்லது அச்சகம் ஒன்றில் சில மாதம் வேலை செய்து பார்க்கலாம். பிடிக்கவில்லை என்று பிள்ளையே சொன்னால் ஏமாற்றம் வேண்டாம். பல்லாயிரம் வெள்ளி செலவழித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதைச் செலவில்லாமல் தெரிந்துகொண்டீர்கள்.

இந்த வார இறுதியில் கடைத்தெருவுக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். படிக்கவே முடியாத ஒரு பதாகையை அது காட்டட்டும். அங்கிருந்து தொடங்குங்கள்.