சௌசா அதிகாரிக்கு எழுதிய நூறு கடிதங்கள்

பாட்னாவில் வாழும் நம்மவர், ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை நாளந்தாவுக்கும் ராஜகிருகத்துக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். வழியில் பீஹார் ஷரீப் என்னும் ஊர் வருகிறது. பெரும்பாலோர் அங்கு இறங்குவதில்லை. அவ்வூரில்தான் மக்தூம் ஷரபுத்தீன் யஹ்யா மனேரி என்னும் சூபி ஞானி அடங்கியிருக்கிறார். அவர் பாரசீக மொழியில் எழுதிய கடிதங்களைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

பாட்னாவுக்கு மேற்கே உள்ள மனேர், லட்டுக்குப் பெயர்போன ஊராகவே இன்று பலருக்குத் தெரியும். 13ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த ஷரபுத்தீன், இளமையில் வங்காளத்துச் சோனார்காவுனுக்குச் சென்று, அபூ தவ்வாமா என்னும் பேரறிஞரிடம் கல்வி பயின்றார். பின்னர் தில்லி சேர்ந்து நஜீபுத்தீன் பிர்தௌசியைக் குருவாக அடைந்தார். திரும்பி வரும் வழியில் பிஹியாக் காட்டினுள் புகுந்து மறைந்தவர், பல்லாண்டுகளுக்குப் பின் ராஜகிருகத்து மலைகளில் தவமிருக்கக் காணப்பட்டார். அங்குள்ள மக்தூம் குண்டம் அவர் பெயரால் வழங்குவதே. அன்பர்கள் வேண்டியதன் பேரில் பீஹார் ஷரீபில் தங்கலானார். சுல்தான் முகம்மது பின் துக்ளக் அவருக்கென மடம் ஒன்று எழுப்பக் கட்டளையிட்டபோது, அதை அவர் தயக்கத்துடனேயே ஏற்றார். 1381ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார்.

இனிக் கடிதங்களின் கதைக்கு வருவோம். பீஹாரின் மேற்கெல்லையில் சௌசா என்னும் ஊர் உண்டு. 1539ல் ஷேர்ஷா ஹுமாயூனை வென்ற களம் அதுவே. ஷரபுத்தீன் காலத்தில் அங்கே காஜி ஷம்சுத்தீன் என்பவர் அதிகாரியாக இருந்தார். குருவின் அருகில் அமர்ந்து கேட்க அவருக்கு ஆசை. உத்தியோகமோ விடவில்லை. ‘நேரில் வரக் கூடவில்லை; எழுதியாவது அறிவுறுத்தலாகாதா?’ என்று அவர் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் இருப்போர்க்கு இவ்வேக்கம் புதிதன்று. குருவும் இசைந்து எழுதினார். ஜைன் பத்ர் அரபி என்ற சீடர், சௌசாவுக்குச் சென்ற கடிதங்களைப் பிரதி செய்து, 1346-47ல் நூறு கடிதங்கள் கொண்ட தொகுதியாக்கினார்.

முதற் கடிதம் இறைவன் ஒருவனே என்னும் உண்மையைப் பற்றியது. அதில் நான்கு படிகளைக் காட்டுகிறார். வாயால் மட்டும் சொல்பவன் ஒருவன். பெரியோர் சொன்னதைக் கேட்டு நம்புபவன் மற்றொருவன். எல்லாச் செயலும் ஒருவனிடமிருந்தே எழுகின்றன என்று உள்ளத்தில் உணர்பவன் மூன்றாம் படியினன். அவ்வொருவனையன்றிப் பிறிதொன்றும் காணாத நிலை நான்காவது. இவற்றுக்கு அக்ரோட்டுக் காயை உவமை கூறுகிறார்: மேல்தோல், ஓடு, பருப்பு, பருப்பினுள் எண்ணெய். கஜ்ஜாலி என்னும் பேரறிஞர் முன்பே கையாண்ட உவமைதான் இது. நம் நாட்டார் எழுதியிருந்தால் தேங்காயைச் சொல்லியிருப்பார்கள். மட்டை முதல் எண்ணெய்வரை நான்கும் அப்படியே பொருந்தும். தோலும் ஓடும் இழிந்தவை என்று தள்ளிவிட முடியாது. அவை இல்லையேல் பருப்புக்குக் காப்பு ஏது?

நான்காம் படியைச் சொல்லுகையில் அவர் மிகவும் எச்சரிக்கையாக இருக்கிறார். கதிரொளியில் தூசித் துகள்கள் கண்ணுக்குப் புலப்படாமற் போவதுண்டு. துகள் அழிந்துவிட்டது என்றோ, துகளே கதிரவனாகிவிட்டது என்றோ அதற்குப் பொருளில்லை. அதுபோலத் தன்னை மறந்த அடியான் இறைவனாகிவிடுவதில்லை. அக்கால மார்க்க அறிஞர்கள் சூபிகளை ஐயுற்ற இடம் இதுவே. பரவச அனுபவத்தை மறுக்காமலும் சமய வரம்பைக் கடக்காமலும் ஒரே உவமையில் அவர் விடை கூறிவிடுகிறார். இக்கடிதங்களில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான்.

இரண்டாம் கடிதம் பாவத்தினின்று மீளுதலைப் பற்றியது. அதன்பின் குருவைத் தேடுதல், தொழுகை, நோன்பு, மரணம் எனப் பல பொருள்கள் வருகின்றன. அதிகாரியைப் பதவியைத் துறந்து காட்டுக்குப் போகுமாறு அவர் சொல்லவில்லை. காட்டில் பல்லாண்டு இருந்தவர் அவர்; ஆயினும் பிறர்க்குத் தொண்டு செய்வதையே சீடனுக்கு உயர்ந்த பயிற்சியாகப் போற்றுகிறார். தாமும் அவ்வாறே நடந்தார்: அநீதிக்கு ஆளான ஒருவருக்காகச் சுல்தான் பிரோஸ் ஷாவுக்கே எழுதி முறையிட்டிருக்கிறார்.

நூறு கடிதங்கள் பரவலாகப் படிக்கப்பட்டன. அக்பரின் அவையிலும் அவற்றுக்கு மதிப்பிருந்தது. பாட்னாவில் பல்லாண்டு வாழ்ந்த ஏசு சபைத் துறவி பால் ஜாக்ஸன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1980ல் வெளிவந்தது. இன்னொரு தொகுதியின் கதி வேறு. தம் அன்புச் சீடர் முஸப்பர் பல்கிக்கு ஷரபுத்தீன் எழுதியவை இருநூறுக்கும் மேற்பட்டவை என்பர். அவை இருவர்க்கு மட்டுமே உரியன என்று கருதிய முஸப்பர், அவற்றைத் தம்மோடு புதைத்துவிடுமாறு பணித்தார். அவ்வாறே புதைத்தார்கள். தப்பித் தவறி ஒரு கட்டு மட்டும் வெளியே தங்கிவிட்டது. அதிலிருந்த இருபத்தெட்டுக் கடிதங்களே இன்று நமக்குக் கிடைக்கின்றன.