காப்புரிமையை எதிர்க்க ஒரே வாய்ப்பு

சித்தூரில் மாங்கூழ் ஆலை நடத்துபவருக்கும் திருப்பதியில் இயந்திரப் பட்டறை வைத்திருப்பவருக்கும், பிறர் பெற்ற காப்புரிமை ஒரு நாள் தொழிலுக்கே தடையாகலாம். அதனை நீக்கக் கோரச் சட்டம் மூன்று வழிகளை அளிக்கிறது. காப்புரிமை வழங்கப்பட்ட அறிவிப்பு வெளியான ஓராண்டுக்குள் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு அளிக்கலாம். ஆந்திரத்துக்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு தொடுக்கலாம். உரிமை மீறல் வழக்கு தொடரப்பட்டால், அதிலேயே எதிர்க்கோரிக்கை எழுப்பலாம்.

ஆயினும் ஒருவர் இவற்றுள் ஒன்றையே பற்ற இயலும். காற்றாலைக் காப்புரிமைகள் குறித்த அலாய்ஸ் வோபென் வழக்கில், 2014-இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. ஒரே கேள்விக்கு இரு மன்றங்கள் முரண்பட்ட விடை அளித்தால் தீர்ப்புக்கு இறுதித்தன்மை இராது. எதிர்ப்பு மனுவில் தோற்றவர் மேல்முறையீடு செய்யலாம். புதிதாக ரத்துக் கோர இயலாது.

ஆகவே சான்றுகளை முழுமையாகத் திரட்டிய பின்னரே வழியைத் தேர்ந்தெடுங்கள். ஓராண்டுக் கெடுவையும் மறவாதீர்கள்.