ஜூன் 21: பகல் நீளும், வெயில் எப்போது குறையும்?



அக்னி நட்சத்திரம் முடிந்ததும் தண்ணீர்ப் பந்தல்களைப் பிரித்துவிடுவது நம் பகுதியில் வழக்கம். "கத்திரி போயாச்சு, இனிமேல் வெயில் இறங்கிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேறு சிலர், ஜூன் 21தான் ஆண்டிலேயே நீண்ட பகல், ஆகவே அன்றுதான் வெயில் உச்சம் என்பார்கள். சென்னையின் வானிலைக் குறிப்புகளைப் பார்த்தால் இரண்டுமே சரியில்லை.

முதலில் பகலின் கணக்கு. ஜூன் 21 அன்று பாடியில் சூரிய உதயம் காலை சுமார் 5.44, மறைவு மாலை 6.38. பகல் 12 மணி 54 நிமிடம். டிசம்பர் 21 அன்று உதயம் 6.26, மறைவு 5.48, பகல் 11 மணி 21 நிமிடம். ஆக, நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். பூமத்திய ரேகையிலிருந்து நாம் 13 டிகிரி வடக்கே மட்டும் இருப்பதே காரணம். லண்டனில் இதே நாளில் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். அங்கே பிள்ளைகள் படிக்கும், வேலை செய்யும் வீடுகளுக்கு இது தெரிந்த விஷயம். 2015, 2016 ரமளான் ஜூன் மாதத்தில் வந்தபோது அவர்கள் நோற்ற நோன்பின் நீளத்தைத் தொலைபேசியில் கேட்டு நாம் வியந்திருக்கிறோம். அதே நாட்களில் நமக்கு, சஹர் முடிவான சுமார் 4.24 முதல் இஃப்தார் வரை 14 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். டிசம்பரில் வரும் நோன்பை விட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கூடுதல். ரமளான் மறுபடி ஜூன் மாதத்துக்கு வர 2047 ஆகும்.

தொழுகை நேர அட்டவணையைக் கவனிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஜூன் 21 நீண்ட பகல் என்றால் மறுநாள் முதல் மஃரிப் முன்னால் வர வேண்டுமே, ஏன் பின்னால் போகிறது? அட்டவணையில் தவறில்லை. சூரியன் உச்சிக்கு வரும் நேரம் இந்த வாரங்களில் நாளுக்குச் சில நொடிகள் தள்ளிப்போகிறது. அதனால் மிகச் சீக்கிரமான உதயம் ஜூன் தொடக்கத்திலும் (5.41 அல்லது 5.42), மிகத் தாமதமான மஃரிப் ஜூலை இரண்டாம் வாரத்திலும் (சுமார் 6.40) அமைகின்றன. இங்கே தரும் நேரங்கள் வானியல் கணக்கு. பள்ளிவாசல் அட்டவணையில் பேணுதலுக்காக ஓரிரு நிமிடம் சேர்த்திருப்பார்கள். அமலுக்கு அதையே பின்பற்றுங்கள்.

பிள்ளைகளோடு மொட்டை மாடியில் ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் கம்பை நேராக நிறுத்துங்கள். ஜூன் 21 அன்று சூரியன் உச்சிக்கு வரும் 12.11 மணிக்கு அதன் நிழல் 18 செ.மீ. இருக்கும், அதுவும் தெற்குப் பக்கம் விழும். ஏப்ரல் 24 வாக்கில் நம் தலைக்கு நேர் மேலே நின்று நிழலே இல்லாமல் செய்த சூரியன், இப்போது நம்மைத் தாண்டி வடக்கே போயிருக்கிறது. ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பி வரும்போது மறுபடி நிழல் மறையும். வடக்குச் சுவர் ஜூன் மாதத்தில் சுடுவதும் இதனால்தான். அந்த 18 செ.மீ. நீங்கலாக, நிழல் கம்பின் அளவுக்கு வளர்ந்தால், அதாவது 118 செ.மீ. ஆனால், ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்குகிறது: சுமார் 3.37. இரு மடங்காகி 218 செ.மீ. ஆனால் ஹனஃபி மத்ஹபின்படி: சுமார் 4.45. ஒரே தெருவில் இரண்டு அஸர் பாங்கு ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தக் கம்பே பதில் சொல்லிவிடும்.

இனி வெயில். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் கட்டியது. அந்த வளாகத்தில்தான் இன்றைய வானிலை மையம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வானிலையைக் குறித்து வந்த இடம் அது. அங்கே பதிவான மிக அதிக வெப்பம் 45 டிகிரி செல்சியஸ். நாள் 2003 மே 31. கத்திரி முடிந்து இரண்டு மூன்று நாட்கள் ஆகியிருந்தன, நீண்ட பகலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த ஆண்டு வெப்ப அலையில் ஆந்திராவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஜூன் மாதத்தில் சென்னையின் சராசரி பகல் வெப்பம் மே மாதத்தை விட அரை டிகிரி அளவுக்குத்தான் குறைவு, 37 டிகிரியை ஒட்டியே நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு, வறண்ட மேல்காற்றாக நிலத்தின் மேல் வந்து நம்மைத் தொடுகிறது. அது பலமாக வீசும் நாளில் கடல்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும். கடற்கரையிலிருந்து பாடி சுமார் 10 கி.மீ. என்பதால் மெரினாவுக்கு வந்த காற்று நமக்கு இன்னும் பிந்தியே வரும். அம்பத்தூர், ஆவடிக்கு அதற்கும் பிறகு. சில நாள் இரண்டு காற்றும் மோதி மாலையில் இடி மழை கொட்டும்.

அந்த மழையையும் நம்ப முடியாது. 1996 ஜூன் மத்தியில் ஒரே நாளில் சுமார் 35 செ.மீ. மழை பெய்தது, ஜூன் மாதம் முழுவதற்குமான சராசரியைப் போல் பல மடங்கு அது. 2023 ஜூன் 19 அன்று மழைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். நடுவில் 2019: ஆறு மாதத்துக்கு மேல் மழையின்றி ஏரிகள் வற்றி, ஜூன் 20 அன்றுதான் சிறு மழை வந்தது. அதுவும் போதாமல் ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிய ரயில், நம் பக்கத்து வில்லிவாக்கத்துக்கு வந்ததை நம்மில் பலர் நேரில் பார்த்தோம்.

வானிலை மையம் சொல்வது நிழலில் வைத்த கருவி காட்டும் வெப்பம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டுக்குள்ளும், தொழிற்பேட்டைப் பட்டறையிலும் அதை விடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே தண்ணீர்ப் பந்தல்களை ஜூன் கடைசி வரையாவது வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கடும் வெப்பத்தில் லுஹரைச் சற்றுக் குளிர்ந்த நேரத்துக்குப் பிற்படுத்த நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஜமாஅத் நேரத்தை இந்த வாரங்களில் எப்படி வைப்பது என்பதை ஆலிம்களும் நிர்வாகிகளும் கலந்து முடிவு செய்யலாம்.

வெயிலில் வேலை செய்பவருக்கு வியர்த்துத் தலை சுற்றினால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு (எல்லாம் தலை தட்டி) கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தங்களுக்கு எது ஏற்றது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கு லுஹருக்குப் பிறகு ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வெப்பம் உச்சத்தில் இருக்கும் நேரம் அதுதான்.