ஹாலுக்குள் நடந்தால் ஏன் தலை சுற்றுகிறது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தவரை ஆண்டாள் கோயில் தேர்வீதிகளில்தான் என் காலை நடை. ராஜபாளையம் வந்தபின், ஐப்பசி அடைமழையில் வெளியே போக முடியாமல் ஹாலுக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தேன். பத்தே நிமிடத்தில் கிறுகிறுப்பு. சுவரைப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். "வெறும் வயிறு, அதான்" என்றார்கள் வீட்டில். சாப்பிட்டுவிட்டு நடந்தாலும் அதே கதை.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை திரும்பும்போது அவற்றுக்குள் திரவம் அசைவதை வைத்துத்தான் மூளை சுழற்சியை அறிகிறது. இந்தச் சமநிலை உறுப்பை ஆராய்ந்த ராபர்ட் பாரனிக்கு 1914-க்கான நோபல் பரிசே கிடைத்தது.

தேர்வீதியில் ஒரு சுற்றுக்கு நாலே திருப்பம். ஹாலிலோ நாலைந்து எட்டுக்கு ஒன்று, அதுவும் ஒரே பக்கமாக. நின்ற பிறகும் திரவம் கொஞ்ச நேரம் ஓடும். 'நின்றாச்சு' என்கிறது கண். 'இன்னும் சுற்றுகிறோம்' என்கிறது காது. அந்தக் குழப்பம்தான் கிறுகிறுப்பு.

அதனால் திரும்பவே தேவையில்லாத பயிற்சிகளுக்கு மாறினேன்: நின்ற இடத்திலேயே நடை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது. இருபது நிமிடத்தில் நன்றாக வேர்க்கிறது; தலை சுற்றவில்லை.

ஒன்று மட்டும்: சும்மா இருக்கும்போதே தலை சுற்றினால் டாக்டரைப் பாருங்கள். கூடவே நெஞ்சுவலியோ வாய் குழறலோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.