ஒருசொல் பலபொருள்: ‘டேங்க்’

சொற்கள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் செல்லும் இயல்புடையன. சென்ற இடத்தில் அவை புதுப்பொருள் கொள்வதும், அப்பொருளுடன் பிறந்த மண்ணுக்கே திரும்பி வருவதும் உண்டு. ‘டேங்க்’ என்னும் சிறிய ஆங்கிலச் சொல்லின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அச்சொல்லின் வெவ்வேறு பொருள்களைச் சென்னையின் மேற்குப் புறநகரில் ஒருசேரக் காணலாம்.

ஓர் ஊர், மூன்று பொருள்

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி உள்ளது. ஆங்கில ஆவணங்களில் இத்தகைய நீர்நிலைக்கு வழங்கும் பெயர் ‘டேங்க்’. அதே ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் கவசப் போர் ஊர்திகள் உருவாகின்றன. 1965ஆம் ஆண்டு ‘விஜயந்தா’ என்னும் ஊர்தி இங்கிருந்து வெளிவந்தது. இந்த ஊர்தியின் பெயரும் ‘டேங்க்’தான். அவ்வூர் வீடுகளின் மாடிகளில் உள்ள தண்ணீர்த் தொட்டியையும் மக்கள் ‘டேங்க்’ என்றே அழைக்கின்றனர். நீரைத் தேக்குவதும் போர்க்களத்தில் நெருப்பை உமிழ்வதும் ஒரே பெயர் பெற்றது எவ்வாறு?

சொல்லின் பிறப்பு

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞர்களிடையே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் குசராத்தி, மராத்திச் சொற்களிலிருந்து இது பிறந்தது என்பது ஒரு கருத்து. குளத்தைக் குறிக்கும் ‘தாங்க்கே’ என்னும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொரு கருத்து. ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளுடைய வினையே அப்போர்ச்சுகீசியச் சொல்லுக்கு அடிப்படை. இந்திய மேற்குக் கரையில் இவ்விரு வழக்குகளும் கலந்து, ஒன்றையொன்று வலுப்படுத்தின எனக் கொள்வாரும் உளர். பதினேழாம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தில் இடம்பெற்றது.

போர்க்களத்துப் பொருள் மிகவும் பிற்பட்டது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்து ஒரு கவச ஊர்தியை மறைவாக உருவாக்கியது. அதன் உண்மைப் பயனைப் பகைவர் அறியாதிருக்கத் தண்ணீர் கொண்டுசெல்லும் கலம் என்பது போன்ற ஒரு பெயர் தேவைப்பட்டது. 1915ஆம் ஆண்டின் இறுதியில் ‘டேங்க்’ என்னும் மறைபெயர் சூட்டப்பட்டது. 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சு நாட்டில் நிகழ்ந்த சோம் போரில் அவ்வூர்தி முதன்முதலாகக் களமிறங்கியது. மறைபொருள் வெளிப்பட்ட பின்னரும் பெயர் மாறவில்லை.

இலக்கணம் காட்டும் வழி

ஒரு சொல் பல பொருள் தருவதைத் தொல்காப்பியர் ‘பலபொருள் ஒருசொல்’ எனக் குறிப்பிட்டு, அதனை இருவகையாகப் பகுக்கிறார். ‘மா பூத்தது’ என்றால் மரமும், ‘மா ஓடியது’ என்றால் விலங்கும் வினையாலேயே விளங்குகின்றன. இது ‘வினைவேறுபடும் பலபொருள் ஒருசொல்’. ‘மா வீழ்ந்தது’ என்றாலோ வீழ்ந்தது மரமா விலங்கா என்பது விளங்காது. இது ‘வினைவேறுபடாப் பலபொருள் ஒருசொல்’. இத்தகைய இடத்தில் ‘மாமரம் வீழ்ந்தது’ எனத் தெளிவாகக் கிளந்து கூறல் வேண்டும்.

‘டேங்க்’ என்னும் சொல்லுக்கும் இவ்விதி பொருந்துகிறது. ‘டேங்க் சுட்டது’ என்றால் போர் ஊர்தி என்பது தெளிவு. ‘டேங்க் நிரம்பியது’ என்றால் ஏரியா, மாடியிலுள்ள தொட்டியா என்னும் ஐயம் எழுகிறது. அங்கே கிளந்து கூறுவது கடமையாகிறது.

பெயர் மறைக்கும் பொருள்

தமிழில் ஒவ்வொரு நீர்நிலைக்கும் தனிப்பெயர் உண்டு. வேளாண்மைக்கு உதவுவது ஏரி. மக்கள் பருகும் நீரைக் கொண்டது ஊருணி. பாண்டி நாட்டில் ஏரியின் பெயர் கண்மாய். ஈழத்தில் பெரிய பாசன நீர்த்தேக்கமும் குளம் எனப்படும். தாங்கல், ஏந்தல், பொய்கை, இலஞ்சி எனப் பெயர்கள் மேலும் விரியும். ஆங்கில ஆவணங்களில் இவற்றுள் பலவும் ‘டேங்க்’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கின.

இதனால் நேரும் இழப்பு சொல்லளவில் நிற்பதன்று. தொட்டி என்பது நாற்புறமும் அடைபட்ட கலம். ஏரியோ நீர்வரத்துக் கால்வாய், கரை, மதகு, கலங்கல், பாசன நிலம் ஆகிய அனைத்தும் இணைந்த அமைப்பு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கொரட்டூர் ஏரியை நோக்கிச் செல்லும். பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கவல்லது. அதன் மிகுநீர் அடையாற்றில் கலந்து கடலை அடையும். ஏரியைத் தனித்ததொரு தொட்டியாகக் கருதுவோர் கண்ணுக்கு, வறண்ட கால்வாயும் நீர் பரவும் தாழ்நிலமும் வெற்றிடங்களாகவே தோன்றும். அவ்விடங்கள் கட்டடங்களால் நிறைந்தால், மழைக்காலத்தில் நீர் தன் பழைய வழியைத் தேடி வீடுகளுக்குள் புகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரையோர மக்கள் உற்ற துயர், ஏரியும் ஆறும் வடிநிலமும் ஒரே தொடரின் உறுப்புகள் என்பதை உணர்த்தியது.

இத்தகைய இழப்புகளுக்குச் சொல் மட்டுமே காரணமன்று. எனினும், பெயர் மறைந்த உறுப்பு கருத்திலிருந்தும் எளிதில் மறைகிறது. நுங்கம்பாக்கம் ஏரி நகரத்துள் மறைந்த பின்னரும் ‘டேங்க் பண்ட் ரோடு’ என்னும் தெருப்பெயர் அங்கே எஞ்சியுள்ளது. அப்பெயர் ஏரிக்கரைச் சாலை என்னும் பொருளுடையது என்பதை அறிந்தோர் சிலரே.

ஆவடியில் உருவாகும் போர் ஊர்திக்கு ‘டேங்க்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால், அவ்வூரின் நீர்நிலையை ஏரி என்றே அழைக்கலாம். கலங்கல், மதகு, வரத்துக்கால் என்னும் சொற்களை அறிந்த தலைமுறைக்கே அவற்றைக் காக்கவும் இயலும்.