ஜவ்வாது மலைக்கு ஒரு பெட்டி

ஜவ்வாது மலையைச் சுற்றி வரைபடத்தில் ஒரு பெட்டி போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காவலூர் வானாய்வகமும் ஜமுனாமரத்தூரும் உள்ளே வர வேண்டும். வடக்கு விளிம்பு 12.8 பாகை அட்சரேகையில்; தீர்க்கரேகை 78.5 முதல் 79.1 வரை. நான்கு மூலைகளின் எண்களையும் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் கோப்பில் இருப்பது மூலைகள் மட்டுமே. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு எப்படிப் போவது என்பதை மென்பொருளே முடிவுசெய்துகொள்கிறது.

அதில் இரண்டு கட்சி உண்டு. போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இடத்தரவு மென்பொருளின் ஜியோமெட்ரி வகைக்குப் பூமி தட்டை. இரு மூலைகளும் 12.8-இல் இருந்தால் நடுவிலும் 12.8தான். அதன் ஜியோகிராபி வகையும் கூகுளின் பிக்குவெரி தரவுக்கிடங்கும் உருண்டைமேல் மிகக் குறுகிய வழியை, அதாவது ஜியோடெசிக்கை, எடுக்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் நம் பக்கத்தில் அந்த வழி அட்சரேகையை விட்டு வடக்கே வளையும்.

மேல் விளிம்பின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர். கணக்குப் போட்டால், நடுவில் இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி ஏறக்குறைய 19 மீட்டர். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் இரண்டு பிக்சல். அந்த இடைவெளியில் ஒரு வீடு இருந்தால், ஒரு கணக்கில் அது பெட்டிக்கு வெளியே, இன்னொன்றில் உள்ளே. கீழ் விளிம்பும் வடக்கேதான் வளையும் என்பதால் அங்கே கதை தலைகீழ். கிழக்கு, மேற்கு விளிம்புகளில் வம்பில்லை. தீர்க்கரேகையே ஒரு ஜியோடெசிக்.

19 மீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. நீளம் இரட்டித்தால் இடைவெளி நான்கு மடங்காகும். அமெரிக்கா-கனடா எல்லையில் 49ஆம் அட்சரேகையை ஒட்டி ஓடும் நீண்ட பகுதியை இரண்டே முனைகளால் எழுதினால், ஜியோடெசிக் கோடு நடுவில் 90 கிலோமீட்டருக்கு மேல் கனடாவுக்குள் புகுந்துவிடும்.

ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்துக்கான 2016ஆம் ஆண்டின் தரநிலையான ஆர்எஃப்சி 7946, விளிம்பு தட்டைக் கணக்கின் நேர்கோடுதான் என்று தெளிவாகச் சொல்கிறது. பிக்குவெரி அதை மதித்து, ஜியோஜேசனாகக் கொடுத்தால் இடையில் புள்ளிகள் சேர்த்து, நேர்கோட்டிலிருந்து 10 மீட்டருக்குமேல் விலகாமல் பார்த்துக்கொள்கிறது. அதே எண்களை டபிள்யூகேடி என்ற உரை வடிவில் கொடுத்தால், நாம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஜியோடெசிக்தான். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம்.

நமக்கு வேண்டியது அட்சரேகைதான் என்றால், விளிம்பில் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். 5 கிலோமீட்டருக்கு ஒன்றாக 13 துண்டு போட்டால் 19 மீட்டர் விலகல் சுமார் 11 சென்டிமீட்டராகச் சுருங்கும். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் இதற்கு எஸ்டி_செக்மென்டைஸ் என்ற செயல்கூறு இருக்கிறது. ஜியோமெட்ரியாக இருக்கும்போதே அதை ஓட்டிவிட வேண்டும். ஜியோகிராபிக்கு மாற்றிய பிறகு ஓட்டினால் புதுப் புள்ளிகளும் வளைந்த கோட்டின்மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.